ஜெர்மனியில் குண்டு மிளகாய்: தேடுவதும் வளர்ப்பதும்

வற்றல் குழம்புக்குத் தாளிக்கும்போது நல்லெண்ணெயில் உப்பிக்கொண்டு மிதக்குமே, அந்த உருண்டை மிளகாய் ஜெர்மனியில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடையாது. சில்லி என்று அங்கே வைத்திருப்பது விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒன்று. பார்க்க அழகாக இருக்கும், குழம்பில் போட்டால் காரமும் சேராது, மணமும் சேராது. எங்கள் ராமநாதபுரம் பக்கம் உருண்டை மிளகாயை முண்டு என்போம், குண்டு மிளகாய் என்றாலும் அதுதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி மானாவாரியாக விதைத்து, தை மாசியிலிருந்து பழம் பறித்துக் களத்தில் காயப்போடுவார்கள். தோல் தடிப்பு, நிறம் நன்றாக இறங்கும், காரம் நிதானம். நீட்டு மிளகாயைப் போட்டால் நாக்கில் சுரீரென்று ஏறும், ஆனால் முண்டு தரும் அந்த வறுபட்ட வாசம் வரவே வராது.

நான் பரமக்குடிப் பக்கம். இப்போது டோர்ட்முண்டில், தெற்குப் பார்த்த பால்கனி உள்ள வீட்டில் குடியிருக்கிறேன். பால்கனியில் முண்டு சிவந்து தொங்குவதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஊரிலிருந்து விதை கொண்டுவந்தீர்களா? இல்லை. விதை இங்கேயே இருக்கிறது, சமையலுக்கு வாங்கும் வற்றல் பொட்டலத்துக்குள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து விதையோ நாற்றோ பச்சைக் காயோ கொண்டுவந்தால், 2019 டிசம்பர் 14 முதல் பயணிகளின் பெட்டிக்கும் பயிர் நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான் ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. அம்மா காகிதத்தில் மடித்துத் தபாலில் போடும் ஒரு பிடி விதைக்கும் இதே விதிதான். தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் ஒரு வைரஸ் விதை வழியாகவும் பரவுகிறது, பசுமைக் குடில்களில் நுழைந்தால் மொத்தப் பயிரையும் கெடுத்துவிடும். அதனால் இந்தக் கெடுபிடியை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவையும் இல்லை.

ரூர் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, ஈழத் தமிழர் கடைகள். டோர்ட்முண்ட், எஸ்ஸன், ஹாம் எங்கும் உண்டு. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவின்போது கோயிலைச் சுற்றியும் கடை போடுவார்கள். அங்கே வற்றலைக் கேட்கும்போது "செத்தல் மிளகாய்" என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் நீட்டு மிளகாய்தான் முன்னால் இருக்கும். உருண்டையாக வேண்டும் என்று சொன்னால் அடுத்த சரக்கில் வரவழைத்துத் தரும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். பொட்டலத்தின் மேல் குண்டு என்றோ ரவுண்ட் சில்லி என்றோ எழுதியிருக்கும். உருண்டையாக இருப்பதெல்லாம் முண்டு ஆகிவிடாது. ஆந்திரப் பக்கத்து உருண்டையும் வருகிறது. ஒரு பொட்டலம் வாங்கிக் குழம்பு வைத்துப் பாருங்கள். வாசம் பிடித்திருந்தால் அதே பொட்டலத்திலிருந்து விதை எடுங்கள்.

விதை எடுக்க, காம்பு முறியாத, தோல் வெடிக்காத, அடர் சிவப்பில் பளபளக்கும் மிளகாயாகப் பொறுக்குங்கள். காதருகே வைத்து ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். கிழித்துப் பார்த்தால் விதை வெளிர் மஞ்சளாக, தட்டையாக இருக்கும். பழுப்பேறியதும் கருத்ததும் வேண்டாம். உள்ளே சாம்பல் பூத்திருந்தால் அந்த மிளகாயையே தூக்கிப் போடுங்கள், சமையலுக்கும் ஆகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விதையை விட, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் காரம் குடியிருக்கிறது, அது நகக்கண்ணில் ஏறினால் அன்று முழுக்க எரியும்.

வெயிலில் காய்ந்த வற்றலின் விதை முளைக்கும். அடுப்புச் சூட்டில் காய்ந்ததும், கிருமி நீக்க நீராவியில் வைத்ததும் முளைக்காது. பொட்டலத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஜனவரியிலேயே 10 விதையை ஈரமான டிஷ்யூவில் மடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, சூடாக இருக்கும் இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது இன்டர்நெட் பெட்டியின் மேல். இரண்டு வாரத்தில் பாதியாவது முளை விட்டால் பொட்டலம் தேறியது. ஒன்றுகூட வரவில்லை என்றால் வேறு கடை, வேறு பொட்டலம். இன்னும் நாள் இருக்கிறது.

பச்சை மிளகாயிலிருந்தும் விதை எடுக்கலாம். கடைக் கூடையில் சிவக்கத் தொடங்கிய காயாகப் பொறுக்கி, ஜன்னலோரம் வைத்து முழுக்கப் பழுக்கவிட்டு எடுக்க வேண்டும். பச்சையாக இருக்கும் காயின் விதை முற்றியிருக்காது. கடையில் வரும் பச்சை மிளகாய் பல நேரம் வீரிய ஒட்டு ரகம், பிள்ளை தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது.

இனி விதைப்பு. ஜெர்மனியில் மிளகாய்க்கு மண் பிரச்சினை இல்லை, நாள்தான் பிரச்சினை. வெளியில் வைக்க மே நடுப்பகுதி ஆகிவிடும். பூத்துக் காய்த்துச் சிவக்க அதற்கப்புறம் நான்கு மாதம் வேண்டும். அக்டோபரில் உறைபனி வந்துவிடும். அதனால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் முண்டு விதையை வீட்டுக்குள் போட்டுவிட வேண்டும். காந்தாரி என்ற சின்ன ஊசி மிளகாய் இன்னும் மெதுவான ஜாதி, அதற்கு ஜனவரி.

விதையை முதல் நாள் இரவே ஊற வையுங்கள். இங்குள்ள மிளகாய்ப் பிரியர்கள் வெறும் தண்ணீரில் ஊற வைப்பதில்லை. காமில்லன்டே என்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் சீமைச் சாமந்தி டீயைப் போட்டு, நன்றாக ஆறவிட்டு, அதில் ஊற வைப்பார்கள். பூஞ்சை பிடிப்பது குறையும் என்பது அவர்கள் கணக்கு. நானும் அப்படித்தான் செய்கிறேன். மண், அன்சுக்ட்எர்டே என்று எழுதியிருக்கும் விதைப்பு மண்ணாக இருக்கட்டும். சத்து குறைவாக இருப்பதால் இளம் வேர் கருகாது. அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். முளைக்கும்வரை 25 முதல் 28 டிகிரி சூடு வேண்டும். ஹீட்டரின் நேர் மேல் வைத்தால் மண் காய்ந்துவிடும், அதற்குப் பக்கத்தில் வையுங்கள், மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ மூடி. முண்டு ஒன்று இரண்டு வாரத்தில் தலை நீட்டும். காந்தாரிக்கு ஒரு மாதம்கூட ஆகலாம், பொறுமையாக இருங்கள்.

தலை நீட்டியதும் சூட்டைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை விட்டால் மற்றதெல்லாம் வீண். சூடு இருந்து வெளிச்சம் இல்லாவிட்டால் கன்று நூல் போல நீண்டு, வெளிறி, சாய்ந்துவிடும். பிப்ரவரியில் இங்கே பகல் 10 மணி நேரம் அளவுக்குத்தான், அதிலும் பாதி நாள் மேகம். ஜன்னலை மட்டும் நம்பாமல் செடிகளுக்கான எல்இடி விளக்கு ஒன்று வாங்கிவிடுங்கள், பெரிய விலை இல்லை. கன்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், நாளுக்கு 14 மணி நேரம். அறைச் சூடு 18 முதல் 20 டிகிரி போதும். இரண்டு நிஜ இலை விட்டதும் தனித்தனிச் சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். விதையிலையைப் பிடித்து, பென்சிலால் வேரைக் கிளப்புங்கள். இலை முறிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான்.

மார்ச், ஏப்ரலில் வீட்டுக்குள் அசுவினி வரும். இலையின் அடியில் பச்சைப் புள்ளியாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும், துளிர் சுருண்டுவிடும். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சமாக இருக்கும்போதே விரலால் நசுக்கி, குளியலறையில் தொட்டியைச் சாய்த்துப் பிடித்துக் கழுவி, மறுநாள் ஷ்மியர்சைஃபே என்ற மென்சோப்புக் கரைசல் தெளித்தால் அடங்கும். மிஞ்சிப் போனால் பொறிவண்டின் புழுக்களைத் தபாலில் வாங்கலாம், இங்கே விற்கிறார்கள், நன்றாக வேலை செய்கின்றன.

வெளியில் வைக்கும் நாளுக்கு இந்த ஊர்க்காரர்கள் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். மே 11 முதல் 15 வரை பனிப் புனிதர்கள் நாட்கள். கடைசி நாளின் பெயர் குளிர்ந்த சோஃபி. அதுவரை இரவில் உறைபனி விழலாம், அதற்கு முன் மென்மையான செடியை வெளியில் நடாதே என்பார்கள். இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்தால் கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வெயில் நாட்களில் கன்றை நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று வெளியில் வைத்துப் பழக்குங்கள். விளக்கின் கீழ் வளர்ந்த இலை நேர் வெயிலில் ஒரே மதியத்தில் வெள்ளையாகக் கருகிவிடும்.

தொட்டி பெரிதாக இருக்கட்டும், செடிக்கு 10 முதல் 12 லிட்டர். கறுப்பு வாளியே போதும், அடியில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு வெயிலை இழுத்து வேரைச் சூடாக வைக்கும், இந்தக் குளிர் ஊரில் அது நல்லது. சுவரை ஒட்டி வைத்தால் பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் திருப்பித் தரும். பூ எடுக்கும்வரை சாதா உரம். பூத்த பிறகு டொமாட்டன்ட்யூங்கர், அதாவது தக்காளி உரம், சாம்பல் சத்து அதிகம் உள்ளது. காலையில் தண்ணீர் ஊற்றுங்கள், மேல் மண் காய்ந்த பிறகு மட்டும். ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீள்வதால் செடி நம் ஊரில் பார்க்காத வேகத்தில் கிளைக்கும். இரவு 15 டிகிரிக்குக் கீழே போனால் பூ உதிரும், பயப்படாதீர்கள், அடுத்த பூ நிற்கும். கண்ணாடி மூடிய வராந்தாவில் வைத்திருப்பவர்கள் நடுப்பகலில் கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள், மகரந்தம் உதிர்ந்தால்தான் காய் பிடிக்கும்.

வேறு மிளகாயும் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அடுத்த வருட விதைக்கு இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீ வந்தால் கலந்துவிடும். கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுத் தரும் சிறு வலைப் பையை, விரியாத மொட்டுகள் உள்ள கிளை நுனியில் மாட்டிச் சுருக்குங்கள். உள்ளே பூத்துப் பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காம்பில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். நூல் கட்டிய காயைக் குழம்புக்குப் பறிக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வளர்க்க இடமில்லாதவர்களுக்கு: வாங்கும் வற்றலில் முண்டுக்கு நெருங்கி வருவது மெக்சிகோக்காரர்களின் கஸ்கபெல். உருண்டை, ஆட்டினால் சத்தம் போடும், காரம் குறைவு. தாளிக்கலாம், மிளகாய்ப் பொடிக்குப் போதாது. காந்தாரிக்குப் பதில் ஆசியக் கடைகளின் தாய்லாந்து ஊசி மிளகாய். இலங்கையின் நை மிரிஸ் மிளகாயைத் தேடுபவர்கள் நெதர்லாந்துச் சந்தைக்குப் போனால் மடாம் ஜானெட் கிடைக்கும், சுரிநாம் மக்கள் கொண்டுவந்த மஞ்சள் மிளகாய். இரண்டும் ஒரே இனம், அதே பழ வாசம். எங்கள் கடை அண்ணை அதை எடுத்துக் கையில் தரும்போது, "தங்கச்சி, கவனம், சரியான உறைப்பு. கறிக்குப் பாதி காணும்" என்றார். அவர் சொன்ன அளவு சரி.

ஆகஸ்ட், செப்டம்பரில் பழம் சிவக்கும். விதைக்கான பழத்தை முதலில் தனியே எடுத்து, விதையை அறையிலேயே காகிதத்தில் உலர்த்துங்கள். அடுப்புச் சூடு பட்டால் விதை செத்துவிடும். மீதியை வற்றலாக்க இந்த ஊர் வெயில் போதாது. ஓவனை 50, 60 டிகிரியில் வைத்து, கதவில் மரக் கரண்டியைச் செருகி ஈரம் வெளியேற வழி விடுங்கள். தோல் தடிப்பு என்பதால் ஒரு நாளில் முடியாது, விட்டு விட்டுக் காயவையுங்கள். கையில் எடுத்தால் கலகலக்கும் வரை.

பச்சையாக இருக்கும்போதே பறித்தால் மோர் மிளகாய். காம்பை விட்டுவிட்டுக் கீழ்ப்பக்கம் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு முழுக்க ஊற வைத்து, காலையில் எடுத்துக் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் முழுதும் மிளகாய்க்குள் போகும்வரை இதுதான் வேலை. ஜூலை வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்கு உள்ளே தட்டை வைத்தால் களத்து மேட்டுக்கு ஈடாகக் காய்கிறது. வாசம் காரில் சில நாள் நிற்கும்.

அக்டோபரில் உறைபனி அறிவிப்பு வந்ததும் மிச்சமுள்ள செடிகளைத் தலைகீழாக வீட்டுக்குள் தொங்கவிடுங்கள், நிறம் திரும்பத் தொடங்கிய காய்கள் அப்படியே சிவந்துவிடும். நன்றாகக் காய்த்த ஒரு செடியையும் காந்தாரியையும் மட்டும் வெட்டிப் போடாதீர்கள். ஒரு சாண் தண்டு விட்டு மேலே நறுக்கி, இலையெல்லாம் உதிர்த்து, 10 முதல் 15 டிகிரி உள்ள மாடிப்படி ஜன்னலோரம் வையுங்கள். மாதத்துக்கு ஓரிரு முறை கொஞ்சம் தண்ணீர். கட்டை காய்ந்தது போல இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மார்ச்சில் பழைய மண்ணை உதறிப் புது மண் போட்டு விளக்குக்கு நகர்த்துங்கள். காந்தாரி ஒழுங்காகக் காய்ப்பது இந்த இரண்டாம் வருடத்தில்தான். விதையிலிருந்து வந்த கன்று மொட்டு விடும் முன்பே இது காய்த்துவிடும்.