பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு வாழைக்குழி

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரியும் வறண்டபோது, மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு லாரித் தண்ணீர்தான். காசு கொடுத்து வாங்கியது அப்படியே சாக்கடைக்கு ஓடுவதைப் பார்த்து வயிறு எரிந்தது. அன்றிலிருந்து சிங்க்கை விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் உட்கார்ந்துதான் பாத்திரம் தேய்க்கிறேன். நான்கு பேர் வீட்டில் நாளைக்கு மூன்று பக்கெட் தண்ணீர் மிஞ்சுகிறது. கோடையில் இரண்டு வாழைக்கு அது தாராளம்.

தேய்ப்பதற்கு முன்னால் தட்டைப் பருக்கை இல்லாமல் வழித்துவிடுங்கள். எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்து எடுங்கள். எண்ணெய் படிந்த மண்ணில் தண்ணீர் இறங்காது. ஊறுகாய் ஜாடி கழுவியது, கருவாடு அலசியது இரண்டும் சாக்கடைக்கே போகட்டும். அந்த உப்பைச் செடி தாங்காது.

சோப்பு விஷயத்தில்தான் முதல் வருஷம் தவறு செய்தேன். நுரைத் தண்ணீரைத் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். இரண்டே மாதத்தில் மண்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை படிந்தது. நகத்தால் சுரண்டினால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. சோப்பில் இருக்கிற சோடியம் சேரச் சேர மண் இறுகும். தொட்டிக்குள் அது விலகிப் போக இடமும் இல்லை. அதனால் தொட்டிச் செடிக்கு அரிசி களைந்த தண்ணீர் மட்டும் கொடுங்கள். இப்போது நான் சீயக்காய்த் தூளோடு கடலை மாவு கலந்துதான் தேய்க்கிறேன். பிசுக்கு விடாத பாத்திரத்துக்கு மட்டும் சோப்பு.

சரி, குழிக்கு வருவோம். சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, கிணறோ போரோ பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, மூன்றடி ஆழம், இரண்டடி அகலம் தோண்டுங்கள். அடியில் உடைந்த செங்கல், அதற்குமேல் ஜல்லி, மேலே மணல். விளிம்பில் கல்வாழை நட்டு, இரண்டடி தள்ளி வாழைக்கன்று வையுங்கள். தண்ணீர் விழும் வாயில் ஒரு பழைய கூடையில் தேங்காய் நாரை அடைத்துவிட்டால் பிசுக்கு அதிலேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், நாரெல்லாம் மெழுகு தடவினாற்போல வழவழவென்று இருக்கும். அதைத் தூக்கிப்போட்டுப் புது நார் வையுங்கள். இதை மட்டும் சோம்பல்படாமல் செய்ய வேண்டும். விட்டால் மணல் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கும், கொசு வரும்.

அன்றன்றைக்குத் தண்ணீரை அன்றன்றைக்கே ஊற்றிவிடுங்கள். பக்கெட்டில் மறுநாள்வரை வைத்தால் நாறும். கொதிக்கிற கஞ்சித் தண்ணீரை ஆறவிட்டு ஊற்றுங்கள். கீரை, கொத்தமல்லி, முள்ளங்கிப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம். எச்சில் தண்ணீர் அது, நாம் பச்சையாகக் கடிக்கிற எதன்மேலும் படக்கூடாது.

ஐப்பசி மழை பிடித்ததும் நிறுத்திவிடுகிறேன். அந்த இரண்டு மாதம் மழைத்தண்ணீரே குழியை அலசி, தங்கின உப்பைக் கீழே இறக்கிவிடும். தை பிறந்து மண் காய்ந்ததும் புது நார் அடைத்து மறுபடி ஆரம்பிப்பேன்.