கரிசல், செவல், தேரி: தூத்துக்குடி மாவட்டத்து மண்ணில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கமெல்லாம் கரிசல் என்னும் கருப்புக் களிமண். ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று தாமிரபரணி பாயும் இடங்களில் வண்டல். சாத்தான்குளம், உடன்குடி பக்கம் சிவந்த மணல் மேடுகளாகத் தேரி. நடுநடுவே செவல் என்னும் செம்மண். வருடத்துக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழைதான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஈரத்தை மண் எத்தனை நாள் பிடித்து வைக்கும் என்பதைப் பொறுத்துத்தான் இங்கே விளைச்சல். இதைக் கணக்கில் எடுக்காமல் செய்யும் தவறுகளே அதிகம் நஷ்டம் தருகின்றன.

பக்கத்து ஊரில் நன்றாக வந்தது என்று அதே பயிரைப் போடுவது அதில் முக்கியமானது. நிலக்கடலையையே பாருங்கள். செவலில் அருமையாக வரும். கரிசலிலும் செடி தளதளவென்று நிற்கும், விழுது இறங்கும், காயும் பிடிக்கும். ஆனால் பிடுங்கும் நேரத்தில் மண் காய்ந்து இறுகியிருந்தால் காய்கள் அறுந்து உள்ளேயே தங்கிவிடும். கரிசலுக்குச் சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கொத்தமல்லி, மிளகாய் எல்லாம் பொருந்தும். அந்தக் காலத்துக் கருங்கண்ணிப் பருத்தி இந்த மண்ணுக்கென்றே பிறந்தது போன்றது.

கரிசலில் விதைக்கும் நேரம் தவறினால் அந்த வருடமே போச்சு. நல்ல மழை பெய்யட்டும் என்று காத்திருப்பவர்கள் பலர். பெய்த பிறகு நிலத்தில் கால் வைக்க முடியாது. களி ஒட்டிக்கொள்ளும், மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. காய்வதற்குள் ஒன்றிரண்டு வாரம் போய்விடும். பின்னால் மழை நிற்கும்போது பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் வாடும். அதனால்தான் செப்டம்பர் கடைசியிலேயே, மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு செய்யச் சொல்கிறார்கள். ஆனால் அதிலும் ஒரு தவறு நடக்கிறது: விதையை மேலாகத் தூவிவிடுவது. ஒரு சின்னத் தூறலுக்கே முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும். பருத்தி, சோளம் என்றால் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழ வேண்டும். அப்போதுதான் மண்ணை நன்றாக நனைக்கும் மழைக்கு மட்டும் முளைக்கும்.

ஈரம் அதிகமாக இருக்கும்போது உழுவதையும் விட்டுவிடுங்கள். கட்டி கட்டியாகப் பெயர்ந்து, காய்ந்தால் கல்லாகிவிடும். பதம் பார்த்து உழுதால்தான் மண் உதிரும்.

அடுத்தது உரம். கரிசலில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் கிடந்தால் சுண்ணாம்புச் சத்து அதிகம், கார அமிலத்தன்மை (pH) 8-ஐத் தாண்டியிருக்கலாம் என்று பொருள். அங்கே இலை மஞ்சளானதும் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். எந்த இலை என்று முதலில் பாருங்கள். அடி இலைகள் முழுசாக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளானால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இதற்கு யூரியா பயன்படாது. இரும்பு சல்பேட்டான அன்னபேதியை இந்த மண்ணில் போட்டாலும் மண் அதைப் பூட்டிவிடும், கரைத்து இலையில் தெளிக்க வேண்டும். துத்தநாக சல்பேட்டை மணிச்சத்து உரமான டிஏபியோடு கலந்து போடுவதும் வீண், இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். யூரியாவை மண்ணால் மூடாமல் மேலாக வீசினாலும் ஒரு பங்கு காற்றில்தான் போகும்.

போர் போட்டுத் தண்ணீர் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பரிசோதிக்காமலே கரிசலுக்குப் பாய்ச்சுவது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். சோடியம் மிகுந்த தண்ணீர் கரிசலின் களியைக் குலைத்துவிடும். அப்புறம் மழைநீர்கூட உள்ளே இறங்காது. பல தலைமுறை விளைந்த நிலம் சில வருடங்களில் கெட்டுப்போகும், மீட்பது பெரும்பாடு. ஜிப்சம் போட்டால் சரியாகும் என்று எல்லோருமே போட வேண்டியதில்லை. மண்ணில் சோடியம் மிஞ்சியிருந்தால்தான் அது வேலை செய்யும், சுண்ணாம்பு மட்டும் அதிகமுள்ள நிலத்தில் காசுதான் செலவு.

தேரியில் எல்லாமே தலைகீழ். தண்ணீரும் உரமும் ஒரே தடவை நிறையக் கொடுத்தால் வேருக்குக் கீழே ஓடிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும், தொழு உரம் தாராளமாக வேண்டும். பனை, முந்திரி, முருங்கை அங்கே தாக்குப்பிடிக்கும். இருக்கிற மரங்களை வெட்டி மேட்டைச் சமப்படுத்துவது பெரிய தவறு, காற்றடி காலத்தில் மணல் நகர்ந்து பக்கத்து நிலத்தையும் மூடும்.

மண் பரிசோதனைக்கு எடுப்பவர்கள் வரப்போரம், மரத்தடி, எருக்குழி பக்கம் எடுக்காதீர்கள். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து அரைக்கிலோ கொடுத்தால் போதும். ஒரே புஞ்சையில் பாதி கரிசல், பாதி செவல் என்றிருந்தால் இரண்டையும் கலக்காமல் தனித்தனிப் பையில் கொடுங்கள்.