ஐடிலிங் ஏறி நிற்கும் பழைய லோடு வண்டி: ஸ்குரூவைத் தொடும் முன்

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் நியூட்ரலில் வண்டி உறுமிக்கொண்டே நின்றால், அதாவது ஐடிலிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி நின்றால், பாதிப் பேர் முதலில் கை வைப்பது டீசல் பம்பில் இருக்கும் ஐடிலிங் ஸ்குரூவில்தான். லாக் நட் போட்டு இறுக்கிய ஸ்குரூ தானாகத் திரும்பாது. நேற்று வரை ஒழுங்காக ஓடியது இன்று ரேஸ் ஆகிறதென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஸ்குரூவைத் திருப்பிச் சத்தத்தை அடக்கினால் அது மறைந்துகொள்ளும், அவ்வளவுதான்.

இதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் வண்டிகளுக்கு. கம்ப்யூட்டர் டீசலை அளந்து கொடுக்கும் காமன் ரெயில் வண்டியின் கதை வேறு.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டும் மீட்டர் இல்லாவிட்டால் கிராங்க் புல்லியில் துண்டு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டி, டிஜிட்டல் டாக்கோமீட்டரைக் காட்டிப் பாருங்கள். இந்த வகை இன்ஜின்கள் பெரும்பாலும் 600-க்கும் 800-க்கும் இடையில் நிற்கும். உங்கள் வண்டிக்கான எண் மேனுவலில் இருக்கும்.

இப்போது இன்ஜினை அணைத்து, பம்ப் லீவரிலிருந்து ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றுங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டாம். இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் நாப் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங் இறங்கினால் கோளாறு கேபிள், பெடல் பக்கம். இறங்காவிட்டால் பம்ப் பக்கம். இந்த ஒரு சோதனையிலேயே வேலை பாதியாகிவிடும்.

கடலூர் முதுநகர், புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகங்களுக்குப் போய்வரும் மீன் வண்டிகளில் பெரும்பாலும் கேபிள் பக்கம்தான். உப்புத் தண்ணீரில் நனைந்த காலோடு டிரைவர் ஏறி உட்காருவார். பெடல் பின்னும் கேபிளின் கீழ்முனையும்தான் முதலில் துருப்பிடிக்கும். கேபிளின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்து விடுங்கள். நடுவில் எங்காவது நெறநெறவென்று பிடித்தால், அல்லது உள்கம்பியில் ஒரு இழை பிரிந்து முள்ளாக நின்றால், எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் புதுக் கேபிள் போட்டுவிடுங்கள். பெடலுக்கு அடியில் மேட் சுருண்டிருக்கிறதா, கை ஆக்சிலேட்டர் நாப் உள்ள வண்டியில் அது பாதி இழுத்தபடி நிற்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இன்ஜின் மவுண்ட் ரப்பர் உட்கார்ந்துபோனாலும் இன்ஜின் இறங்கிக் கேபிளை இழுக்கும். புதுக் கேபிள் போட்ட பிறகும் ரேஸ் நிற்காத வண்டிகளில் இதைத்தான் தவறவிட்டிருப்பார்கள்.

மறுபடி மாட்டும்போது பம்ப் லீவர் பக்கம் 2-3 மி.மீ. தளர்வு விடுங்கள். பிறகு லீவருக்கும் ஐடிலிங் ஸ்குரூ முனைக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, பெடலை மிதித்து விட்டுப் பாருங்கள். காகிதம் இறுகிப் பிடித்திருந்தால் சரி. உருவிக்கொண்டு வந்தால் லீவர் இன்னும் ஸ்குரூவில் உட்காரவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் கேபிள் இழுத்துக்கொண்டிருக்கும்.

கேபிளைக் கழற்றியும் லீவர் ஸ்குரூவில் உட்கார்ந்த நிலையிலேயே ரேஸ் ஆகிறதா? உங்கள் பம்பில் எந்தக் கவர்னர் (இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) என்று பாருங்கள். பம்ப் பின்புறத்திலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு ஒரு மெல்லிய குழாய் போனால் அது வேக்கம் கவர்னர். மேனிஃபோல்டில் உண்டாகும் அந்த வேக்கம்தான் (காற்றின் உறிஞ்சல்) உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரத்தை இழுத்து டீசலைக் குறைக்கிறது. குழாய் வெடித்தாலோ டயாஃப்ரம் கிழிந்தாலோ ஸ்பிரிங், டீசல் அளவை மாற்றும் கம்பியான ராக்கை முழு டீசலுக்குத் தள்ளிவிடும். சோதிக்க, இன்ஜின் அணைந்த நிலையில் குழாயைக் கழற்றி, ஸ்டாப் லீவரைக் கடைசி வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, பம்பின் வேக்கம் துளையை விரலால் இறுக அடைத்துவிட்டு லீவரை விடுங்கள். மெதுவாக ஊர்ந்து திரும்பினால் டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது. டக்கென்று திரும்பினால் கிழிந்துவிட்டது. டயாஃப்ரம் நன்றாக இருந்தால் குழாயையும் அதன் யூனியன்களையும் பாருங்கள். குழாய் இல்லாமல் சுழலும் எடைகளால் வேலை செய்யும் வெயிட் கவர்னர் என்றால் ராக் ஒட்டுவதோ, கவர்னர் ஸ்பிரிங், வெயிட் தேய்மானமோ இருக்கலாம். அதை வீட்டு வாசலில் பிரிக்காதீர்கள். பம்பை டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் பம்ப் கடைக்குக் கொடுங்கள்.

ஒரே அளவில் நிற்காமல் ஐடிலிங் ஏறி ஏறி இறங்கினால் பெரும்பாலும் டீசல் லைனில் காற்று. புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்று, கடலூரிலிருந்து டேங்க் அடிமட்டத்தோடு ஓட்டிக்கொண்டு போய் நிரப்பும் வழக்கம் பலருக்கு உண்டு. அடியில் கிடக்கும் தண்ணீரும் கசடும் அப்போதுதான் ஃபில்டருக்கு வரும், காற்றும் கூடவே வரும். ஃபில்டரை மாற்றி, டீசல் குழாய்களை இணைக்கும் பேன்ஜோ போல்ட்டுகளின் காப்பர் வாஷரைப் புதிதாகப் போட்டு, குமிழி நிற்கும் வரை ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுங்கள்.

ஆபத்தானது இன்னொன்று. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். டீசல் சம்புக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது. மட்டம் ஏறிய ஆயில் பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் புகை வெளியேறும் குழாய்) வழியாக இன்டேக்குக்குப் போய், இன்ஜின் அதையே எரித்து ஓட ஆரம்பிக்கும். அப்படி ஓடத் தொடங்கினால் ஸ்டாப் நாப் வேலை செய்யாது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக் கிளட்சை விடுங்கள், அல்லது ஏர் இன்லெட் வாயைக் கட்டைப் பலகையால் மூடுங்கள். கையை வைக்காதீர்கள், துணியையும் வைக்காதீர்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஆர்பிஎம் கூடவோ குறையவோ இருந்தால் மட்டும் ஐடிலிங் ஸ்குரூவுக்கு வாருங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒருமுறை ஆக்சிலேட்டர் கொடுத்து விட்டு அளவைப் பாருங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் சேர்ந்து திரும்பும். அதைப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். பக்கத்திலேயே கம்பியும் ஈயமும் வைத்துச் சீல் செய்த இன்னொரு ஸ்குரூ இருக்கும். அது முழு வேகத்துக்கானது. சீலை உடைக்க வேண்டாம்.