அமெரிக்க நகரங்களில் போராட்டத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஜூன் 4. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் மாட் ஹேவன் என்ற இடத்தில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ஊரில் இரவு 8 மணிக்கு ஊரடங்கு. அதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போதே போலீஸ் முன்னும் பின்னும் மறித்துக்கொண்டது. 8 மணி ஆனதும் ஊரடங்கை மீறியதாகச் சொல்லி 250 பேருக்கு மேல் கைது செய்தது. கலைந்து போக வழியே விடவில்லை. 2023-இல் ஆளுக்கு 21,500 டாலர் இழப்பீடு தர மாநகரம் ஒப்புக்கொண்டது. பணம் வந்ததற்காக அன்றிரவு பட்ட அடி இல்லையென்று ஆகிவிடாது.

அங்கே மாட்டிக்கொண்டவர்கள் தவறு செய்யவில்லை, மறித்தவர்கள்தான் செய்தார்கள். ஆனாலும் ஊரடங்கு நேரத்தைக் கடைசி நிமிடம்வரை நம்பி நிற்பது ஆபத்து. அரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். நடக்கும்போது பக்கத்துச் சந்துகளைக் கவனித்துக்கொண்டே போங்கள். ஒரு தெருவின் இரண்டு முனையிலும் போலீஸ் வரிசை நிற்கத் தொடங்கினால் சுற்றிவளைப்பு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பாலத்திலும் நெடுஞ்சாலையிலும் இறங்குவது இன்னும் மோசம், அங்கே சந்தே கிடையாது. 2020 ஜூன் 1 அன்று பிலடெல்ஃபியாவில் ஐ-676 நெடுஞ்சாலையில் நின்றவர்கள் மேல் கண்ணீர்ப்புகை வீசப்பட்டபோது, ஓரத்துச் சரிவில் ஏறி வேலியைத் தாண்டித்தான் தப்ப வேண்டியிருந்தது.

கூட்டத்தைக் கலைக்க வேண்டுமானால், போலீஸ் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்து, போக நேரமும் வழியும் தர வேண்டும். பின்வரிசைக்கு அந்த அறிவிப்பு கேட்காமல் போவது சகஜம். அதனால் அறிவிப்பு வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கம் போகச் சொன்னார்கள் என்பதை செல்போனில் பதிவு செய்யுங்கள். வழி தெரியாவிட்டால் போலீஸ்காரரிடமே சத்தமாகக் கேளுங்கள். அந்தக் கேள்வி பதிவாகியிருந்தால் பிறகு வழக்கில் கைகொடுக்கும்.

அனுமதி விஷயத்திலும் குழப்பம் உண்டு. பிறருக்கு வழிவிட்டு நடைபாதையில் நடக்கப் பொதுவாக அனுமதி தேவையில்லை. தெருவை அடைப்பதற்கும் ஒலிபெருக்கிக்கும் வேண்டும். நியூயார்க்கில் ஒலிபெருக்கி அனுமதியை அந்தப் பகுதிப் போலீஸ் நிலையத்தில் வாங்க வேண்டும்.

இனி, அதிகம் பேரைக் கவிழ்க்கும் விஷயம்: பேச்சு. "உரிமைகளை வாசித்துக் காட்டவில்லை, அதனால் வழக்கு நிற்காது" என்று சினிமா பார்த்துவிட்டு நம்புகிறார்கள். பேசாமலிருக்கலாம், வக்கீல் கேட்கலாம் என்ற அந்த உரிமைகளைக் காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் போலீஸ் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால், அப்போது சொன்ன வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்துவது கடினமாகும், அவ்வளவுதான். கைது செல்லும். சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும் என்பதும் தவறு. 2010-இல் தாம்ப்கின்ஸ் வழக்கில் சந்தேகத்துக்குரியவர் ஏறக்குறைய மூன்று மணி நேரம் அநேகமாகப் பேசாமலே இருந்தார். கடைசியில் ஒரு கேள்விக்கு "ஆமாம்" என்றார். உரிமையை வாய்விட்டுக் கோரவில்லை என்று சொல்லி, அந்த ஒரு சொல்லை உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. ஆகவே தெளிவாகச் சொல்லுங்கள்: "ஐ வில் ரிமெய்ன் சைலன்ட். ஐ வான்ட் எ லாயர்." சொன்னபின் போலீஸ் வண்டியிலும் லாக்கப்பிலும் பக்கத்தில் இருப்பவரிடம்கூட நடந்ததைப் பற்றிப் பேசாதீர்கள். சிறைத் தொலைபேசி பதிவாகும். வக்கீல் எண்ணை அழியாத மையில் கையில் எழுதிக்கொண்டு போங்கள், செல்போன் உங்களிடம் இருக்காது.

பெயரைச் சொல்ல மறுக்கலாமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. சந்தேகத்தின்பேரில் நிறுத்தினால் பெயர் சொல்ல வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம் உண்டு. பொய்ப் பெயர் மட்டும் எங்குமே வேண்டாம். குடியுரிமை இல்லாத, 18 வயது கடந்தவர்கள் கிரீன் கார்டு, ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) போன்ற பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம்.

செல்போனில் கைரேகை, முகம் இரண்டையும் அணைத்துவிட்டு குறைந்தது ஆறு இலக்க எண் வையுங்கள். உள்ளே பார்க்க வாரன்ட் வேண்டும் என்று 2014-இல் ரைலி வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. நீங்களே திறந்து கொடுத்தால் அந்தத் தீர்ப்பால் பயனில்லை. போலீஸைப் படமெடுப்பது உங்கள் உரிமை, ஆனால் எட்டி நின்று எடுங்கள். ஃப்ளோரிடாவில் எச்சரித்த பிறகும் இடையூறு செய்யும் நோக்கத்தோடு 25 அடிக்குள் நெருங்கினால் குற்றம்.

கண்ணீர்ப்புகை பட்டால் பால் ஊற்றாதீர்கள், சுத்தமான தண்ணீரால் 10 முதல் 15 நிமிடம் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போகவே கூடாது.

விசாவில் இருப்பவர்கள் கைதானபின் செய்யும் பெரிய தவறு, "அபராதம் கட்டினால் இன்றே வீடு" என்றதும் குற்றத்தை ஒப்புக்கொள்வது. தண்டனை இல்லாத வெறும் கைதைக்கூட காரணமாக வைத்து விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது. தள்ளுபடியான வழக்கானாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் கைதைச் சொல்லியாக வேண்டும். ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதை வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டியது கடமை என்று 2010-இல் படியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசு செலவில் வரும் வக்கீலுக்கும் அது பொருந்தும். கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

போலீஸ் மேல் புகார் எழுத அவசரப்படுவதும் சிக்கலில் விடும். உங்கள்மேல் வழக்கு நிலுவையில் இருந்தால், புகாரில் எழுதும் ஒவ்வொரு வரியும் அரசு வழக்கறிஞர் கைக்குப் போகலாம். வக்கீலிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. மாநிலச் சட்டப்படி நியூயார்க் மாநகரத்திடம் இழப்பீடு கேட்க 90 நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும், கலிஃபோர்னியாவில் காயத்துக்கு 6 மாதம். காயத்தை அன்றே ஒரு முறை, கன்றல் கருத்துத் தெளிவாகத் தெரியும் இரண்டாம், மூன்றாம் நாளில் மறுபடியும் படமெடுங்கள். டாக்டரிடம் போகும்போது எது பட்டு வந்த காயம் என்பதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.