பழைய வண்டிக்கு எந்த கிரேடு ஆயில் ஊற்றுவது?

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால் பெரும்பாலும் வரும் பதில், “வண்டி பழசாயிடுச்சு, 20டபிள்யூ50 ஊத்திடலாம்.” சில வண்டிகளுக்கு அந்தக் கெட்டி ஆயில் சரியான வைத்தியம். பலவற்றுக்கு, என்ன கோளாறு என்றே பார்க்காமல் மூடி மறைக்கும் வேலை.

டப்பாவில் ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருக்கும் எண் குளிருக்கானது. 10டபிள்யூ ஆயில் மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ மைனஸ் 15 டிகிரியிலும் இன்ஜினைச் சுற்றவிடும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். ஊட்டியின் மார்கழிக் காலையில்கூட அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகமாட்டோம். பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பது: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு; எண் கூடினால் ஆயில் கெட்டி), 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9.

அதற்காக முன் எண்ணை ஒதுக்கிவிடவும் முடியாது. 40 டிகிரியில் 10டபிள்யூ30 ஆயில் ஏறத்தாழ 70 சென்டிஸ்டோக் இருக்கும். 20டபிள்யூ50 அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது கெட்டி ஆயில் இன்ஜினின் உச்சியில் வால்வுகளை அழுத்தும் ராக்கர் வரை ஏறக் கூடுதல் நேரம் பிடிக்கும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே அபூர்வம் என்பதால், தேவையில்லாத கெட்டியால் மைலேஜும் குறையும்.

ஆகவே முதலில் மேனுவலைத் திறங்கள். எண்பது, தொண்ணூறுகளின் மாருதி போன்ற வண்டிகளின் மேனுவலில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ற கிரேடுகளைப் பட்டை பட்டையாகப் போட்டிருப்பார்கள். நம் ஊர் வெப்பத்துக்குப் பொருந்தும் கிரேடுகளில் மெல்லிய ஆயிலிலிருந்து தொடங்குங்கள். புகை இல்லை, ஆயில் குறையவில்லை என்றால் ஓடோமீட்டர் எதைக் காட்டினாலும் அந்த கிரேடை மாற்ற வேண்டாம்.

குறைகிறதா என்பதை அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை நிரப்புங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின், மறுபடி அதே கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி பிடிக்கிறது என்று அளவுக் குவளையில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய காருக்கு 300 மில்லி வரை போனால் டாப்-அப் செய்து ஓட்டலாம். அரை லிட்டரைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும்.

புகையே பாதி சொல்லிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்த உடன் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் போயிருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். ரிங்தானா என்று உறுதி செய்ய, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். குறைவாக இருந்த அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் அழுத்தம் கசிவது வால்வுப் பக்கமாக இருக்கலாம். தேய்ந்த ரிங்குக்கு ஒரு படி கெட்டியான ஆயில் கொஞ்ச காலம் கைகொடுக்கும். கார்பன் அடைத்த ஆயில் ரிங்குக்கு எதை ஊற்றினாலும் பலனில்லை.

கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் குறையாமல் மேலே ஏறியிருந்தால், பெரும்பாலும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து, பெட்ரோல் இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்குகிறது. ஆயில் தண்ணியாகிவிட்டது என்று 20டபிள்யூ50 ஊற்றினால் அதுவும் சில நாளில் தண்ணியாகும், பேரிங்கும் போகும். பம்ப்பை மாற்றிய பிறகே புது ஆயில்.

சூட்டில் ஐடிலில் ஆயில் லைட் மினுக்கினால், அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். நன்கு சூடான இன்ஜினில் 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்பது பழைய கணக்கு. கேஜ் சரியாகக் காட்டினால் சுவிட்ச்தான் கெட்டது. குறைவாக இருந்தால் சம்ப்பை இறக்கி, ஆயில் உறிஞ்சும் இடத்திலுள்ள ஸ்ட்ரெய்னர் வலையில் கசடு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் பேரிங் தேய்மானம்; அப்போது 30-லிருந்து 40-க்குப் போவது நியாயம். ஒரே தாவலில் 50-க்குப் போகாதீர்கள். மாற்றி 500 கிலோமீட்டர் ஓட்டியபின் கேஜையும் டிப்ஸ்டிக்கையும் மறுபடி பாருங்கள்.

பழைய அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின் வேறு கதை. அதற்கு 20டபிள்யூ50 பொருத்தமான கிரேடுதான். கேம் நேரடியாக உரசும் தட்டை டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்பதால், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் ஆயிலில் போதிய அளவு வேண்டும். ஆயில் டப்பாவில் காணும் ‘ஏபிஐ எஸ்என்’ தரத்தில் பாஸ்பரஸுக்கு 0.08 சதவீத உச்சவரம்பு 30-உம் அதைவிட மெல்லியதுமான ஆயில்களுக்குத்தான். 50 கிரேடு அதில் சிக்காது.

பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில் ஊறுவதால், டப்பாவில் ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கான தரக்குறியான ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ இருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு. பழைய ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ30. வடித்து மாற்றும்போது பிடிப்பது சுமார் 750 மில்லிதான். 900 மில்லி பாட்டிலை அப்படியே கவிழ்ப்பது வழக்கமாக நடக்கும் தவறு. அளவு பார்க்கும்போது டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா நுழைத்து எடுங்கள். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.