கீப்பர் லீக் ஹாக்கி: இளம் வீரரைக் கொடுத்து ஸ்டாரை வாங்கலாமா?

என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் வீரர்களை வைத்துக் கற்பனை டீம் அமைத்து ஆடுவது ஃபேன்டஸி ஹாக்கி. அதில் வீரர்களை அடுத்தடுத்த வருடங்களுக்கும் தக்கவைத்துக்கொள்ளும் கீப்பர் லீக்குகளில் வருடம் தவறாமல் வரும் பேரம் இது. உங்களிடம் 19 வயது ஃபார்வர்ட் ஒருவர், என்.எச்.எல். டீம்கள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் பத்துக்குள் போனவர். எதிராளியிடம் 29 வயது ஸ்டார், போன சீசனில் 90 பாயிண்ட் (கோலும், கோலுக்கு உதவும் அசிஸ்டும் சேர்த்து). நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். பலரும் யோசிக்காமலே மறுத்துவிடுகிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டால், கோப்பைக்கு ஆடும் டீம் என்றால் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் விடை வரும்.

முதலில் இருவரையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும். ஸ்டாரை மொத்தப் பாயிண்டிலும் இளம் வீரரைக் கனவிலும் அளப்பதால்தான் குழப்பம். உங்கள் லீக்கில் யாரும் எடுக்காமல் சும்மா கிடக்கும் ஃபார்வர்டுகளில் சிறந்த மூன்று பேரைப் பாருங்கள். 82 ஆட்டத்துக்கு அவர்கள் சராசரியாக எவ்வளவு எடுப்பார்கள்? அதுதான் அடிமட்டம். 45 என்று வைத்துக்கொள்வோம். 45 பாயிண்ட் ஓசியில் கிடைக்கிறது என்றால், 90 பாயிண்ட் ஸ்டாரின் உண்மை மதிப்பு 45தான். 50 பாயிண்ட் வீரரின் மதிப்பு வெறும் 5.

இனி ஆறு வருடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். ஸ்டார் 88, 82, 76, 70, 62, 54 என்று இறங்குவதாகக் கொள்வோம். அடிமட்டத்தைக் கழித்தால் முதல் மூன்று வருடத்தில் 43, 37, 31: மொத்தம் 111. அடுத்த மூன்றில் 25, 17, 9: மொத்தம் 51. ஆறு வருடக் கூட்டல் 162.

இளம் வீரருக்கு ஒரே கோடு போடக்கூடாது, மூன்று போட வேண்டும்.

ஸ்டார் ஆனால்: 40, 60, 80, 90, 92, 92. அடிமட்டத்துக்கு மேல் முதல் மூன்று வருடத்தில் 50, அடுத்த மூன்றில் 139.

நடுத்தரமாக நின்றால்: 30, 45, 55, பிறகு வருடத்துக்கு 60. முதல் பாதியில் 10, இரண்டாம் பாதியில் 45.

தேறாவிட்டால்: பூஜ்யம். அவரை விட்டுவிட்டு வேறு ஒருவரை எடுத்துக்கொள்வீர்கள்.

வாய்ப்பை 25, 35, 40 சதவீதம் என்று பிரித்தால் முதல் மூன்று வருடத்துக்குக் கிடைப்பது 16, ஆறு வருடத்துக்கு 66.5. எதிரே இருப்பது 162. ஸ்டார் ஆகும் வாய்ப்பை 60 சதவீதமாகவும் நடுத்தரத்தை 30 ஆகவும் தாராளமாக ஏற்றினாலும் 130ஐத்தான் தொடுகிறது.

ஆனால் இதே கணக்கை வேறொரு டீமின் கண்ணால் பாருங்கள். கடைசி இடத்தில் கிடந்து டீமைப் புதிதாகக் கட்டுகிறீர்கள், மூன்று வருடத்துக்குக் கோப்பை நினைப்பே இல்லை என்றால், ஸ்டாரின் முதல் 111 உங்களுக்கு எதற்கும் உதவாது. நான்கு முதல் ஆறாம் வருடம் வரை மட்டும் எடுத்தால் ஸ்டாருக்கு 51, இளம் வீரருக்கு 50.5. கிட்டத்தட்ட சரிசமம். ஆகவே 'யார் பெரியவர்' என்று கேட்பதற்கு முன் 'என் டீம் எந்த வருடம் ஜெயிக்கப் போகிறது' என்று கேளுங்கள். நடுவில் ஐந்தாம், ஆறாம் இடத்தில் மாட்டிக்கொண்ட டீம்கள்தான் இதற்குப் பதில் சொல்லாமல் இழுத்து, இரண்டையும் கோட்டை விடுகின்றன.

எல்லாம் அந்தச் சதவீதத்தில்தான் இருக்கிறது. அதை மனம்போனபடி போடாமலிருக்க நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, எந்த லீக்கில் எடுத்த பாயிண்ட். என்.எச்.எல். அளவுக்கு மாற்ற ஒவ்வொரு லீக்குக்கும் ஒரு பெருக்கல் எண் உண்டு. பழைய கணக்கீட்டில் என்.எச்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்.லுக்குச் சுமார் 0.45, ஒன்டாரியோ ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல்.லுக்குச் சுமார் 0.30. புதிய கணக்கீடுகள் ஜூனியருக்கு இதையும்விடக் குறைத்தே தருகின்றன. ஓ.எச்.எல்.லில் 68 ஆட்டத்தில் 100 பாயிண்ட் என்றால் ஆட்டத்துக்கு 1.47, அதை 0.30ஆல் பெருக்கி 82 ஆட்டத்துக்கு விரித்தால் 36. தலைப்புச் செய்தியில் வரும் நூறு, உங்கள் கணக்கில் 36 ஆகிறது.

இரண்டு, பிறந்த தேதி. டிராஃப்டுக்கான 18 வயது செப்டம்பர் 15ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆஸ்டன் மாத்யூஸ் 1997 செப்டம்பர் 17இல் பிறந்தவர். இரண்டு நாளில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டு 2016இல் முதல் ஆளாகப் போனார். ஒரே டிராஃப்டில் போன இருவருக்குள் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். 17 வயதில் எடுத்த 80 பாயிண்டும் 18 வயதில் எடுத்த 80 பாயிண்டும் ஒன்றல்ல.

மூன்று, பாயிண்டில் எவ்வளவு பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரத்தில்) வந்தது. ஜூனியரில் பவர் பிளேயை ஆள்பவருக்கு என்.எச்.எல்.லில் முதல் யூனிட்டில் இடம் உறுதியில்லை. ஏற்கெனவே என்.எச்.எல்.லில் ஆடுபவரானால் பாயிண்டைவிட ஐஸ் டைம் (களத்தில் ஆடும் நேரம்), ஆட்டத்துக்கு எத்தனை ஷாட் என்பதைப் பாருங்கள். இவை இரண்டும் ஏறினால் பாயிண்ட் பின்னால் வரும்.

நான்கு, உடம்பு. சராசரி உயரமுள்ள ஃபார்வர்ட் சுமார் 200 ஆட்டத்துக்குள்ளும், மிக உயரமானவரோ மிகக் குள்ளமானவரோ 400க்குள்ளும் தன்னைக் காட்டிவிடுவார் என்று ஃபேன்டஸி வட்டாரத்தில் ஒரு விதி புழங்குகிறது. தோராயம்தான், ஆனால் அவசரத்தில் விற்பதைத் தடுக்கும். மிக உயரமான டேஜ் தாம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் ரயன் ஓ'ரைலிக்கு ஈடாக செயின்ட் லூயிஸிலிருந்து பஃபலோவுக்குப் போனார். ஓ'ரைலி மறுவருடமே ஸ்டான்லி கோப்பையும், பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதும் வாங்கினார். தாம்சன் 2020–21இல் 38 ஆட்டத்தில் 14 பாயிண்ட். பிறகு நடுவில் ஆடும் சென்டர் இடத்துக்கு மாற்றினார்கள்: 2021–22இல் 38 கோல், அடுத்த சீசனில் 47. எதிர்ப் பக்கத்தில் நெயில் யாகுபோவ், 2012இன் முதல் தேர்வு: மொத்தம் 350 ஆட்டம், 136 பாயிண்ட். டிராஃப்ட் எண் வாய்ப்பைக் கூட்டும், உத்தரவாதம் தராது.

ஸ்டார் பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடாது. ஜொனதன் ஹூபர்டோ 2021–22இல் ஃப்ளோரிடாவுக்கு 115 பாயிண்ட், அதில் 85 அசிஸ்ட். 2022 ஜூலையில், 29 வயதில், மேத்யூ கச்சக்குக்கு ஈடாகக் கால்கரி போனார். மறு சீசனில் 55. அப்போது 24 வயதான கச்சக் ஃப்ளோரிடாவில் 109 எடுத்தார். அசிஸ்ட் என்பது பக்கத்தில் இருப்பவர் கோலாக்கினால்தான் கணக்கில் ஏறும். டீம் மாறும் ஸ்டாரின் அசிஸ்டில் தாராளமாகக் கத்தரி வையுங்கள். கோல் அடிப்பவரானால் ஷூட்டிங் சதவீதத்தை (ஷாட்டுகளில் எத்தனை சதவீதம் கோலானது) பாருங்கள். லீக் சராசரி சுமார் 10. வில்லியம் கார்ல்சன் 2017–18இல் வேகஸுக்கு 43 கோல் அடித்தபோது அது 23.4, அதற்கு முந்தைய சீசனில் 6 கோல், அடுத்த சீசனில் 24. ஒரு சீசன் உச்சத்தை வைத்து விலை பேசாமல் மூன்று சீசன் சராசரியில் பேசுங்கள்.

இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று பேரங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. 70 பாயிண்ட் வீரர் ஒருவருக்கு 57, 57 என்று இருவர் தருகிறேன் என்றால் 114க்கு 70 என்று தோன்றும். அடிமட்டம் 45ஐக் கழித்தால் 24க்கு 25. போதாக்குறைக்கு, வரும் இரண்டாவது ஆளுக்கு இடம் வேண்டி நீங்கள் ஒருவரைக் கைவிட வேண்டும். இளம் வீரர்களை வைத்துக்கொள்ளத் தனி இடம் இல்லாத லீக்கில், ஜூனியரில் ஆடும் 18 வயதுக்காரர் உங்கள் ரோஸ்டரில் (டீம் பட்டியலில்) ஒரு சீசன் முழுக்க இடத்தை அடைத்துக்கொண்டிருப்பார். அந்த நஷ்டத்தையும் கழியுங்கள்.

இளம் கோல்கீப்பர்களுக்கு விலையே கொடுக்காதீர்கள். இகோர் ஷெஸ்டெர்கின் 2014இல் 118ஆவது ஆளாக எடுக்கப்பட்டார், முதல் என்.எச்.எல். ஆட்டம் 2020 ஜனவரியில், சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது 2022இல். அவ்வளவு காலம் ஒரு இடத்தைக் காலியாகக் காக்க எந்த ரோஸ்டராலும் முடியாது. டிஃபென்ஸ்மேன்களுக்கு ஃபார்வர்டைவிட ஒன்றிரண்டு வருடம் கூட்டிப் போடுங்கள்.

டிராஃப்ட் பிக் (வருங்கால டிராஃப்டில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கொடுக்கும்போது அடுத்த வருடத்தையும் அதற்கடுத்த வருடத்தையும் ஒரே விலையில் தள்ளிவிடாதீர்கள். 2018இல் எரிக் கார்ல்சனை வாங்க சான் ஹோசே கொடுத்தவற்றுள் ஒன்று 2020 முதல் சுற்று பிக்காக ஒட்டாவாவுக்குப் போனது. கொடுத்தபோது சான் ஹோசே பலமான டீம், பிக் கடைசி வரிசையில் வரும் என்றே தோன்றியது. டீம் சரிந்தது, அது மூன்றாவது பிக்காகி டிம் ஷ்டூட்ஸ்லே ஆனது. லீக் விதி அனுமதித்தால் 'முதல் மூன்றுக்குள் வந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளும்' என்று பாதுகாப்பு எழுதிக்கொள்ளுங்கள்.

விற்க நல்ல நேரம் டிசம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி முதல் வாரம் வரை, உலக ஜூனியர் போட்டி நடக்கும்போது. ஒரு பையன் ஆறேழு ஆட்டத்தில் கலக்கினால் போதும், விலை மேலே போய்விடும். வாங்க நல்ல நேரம் நவம்பர்: முதல் இருபது ஆட்டத்தில் கடைசியான நான்காவது லைனில் பத்து நிமிடம் ஆடி மூன்று பாயிண்டோடு நிற்கும் புதுமுகத்தின் முதலாளி அப்போதுதான் பொறுமை இழந்திருப்பார். செய்தி அனுப்பும்போது பையனின் பெயரை முதலில் எழுதாமல், அவரிடம் இருக்கும் வேறொரு வீரரைப் பற்றி விசாரித்து, இவரை 'கூடச் சேர்த்துத் தாருங்கள்' என்று கேளுங்கள்.