ஆய்வுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறார்களா? முதலில் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் தேடுங்கள்

ஓர் ஆய்விதழ் கட்டுரையைப் படிக்கப் பணம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு, அதை எழுதியவரின் பல்கலைக்கழகப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான பதிப்பகங்கள், மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட படியை, எழுதியவரே தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், அதாவது ஆய்வுகளைச் சேமித்து யாரும் படிக்க வைக்கும் இணையதளத்தில், வைக்க அனுமதிக்கின்றன. ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் 2008இலேயே இப்படிக் களஞ்சியத்தில் வைப்பதைக் கொள்கையாக ஏற்றது. அங்கே களஞ்சியத்தின் பெயர் டாஷ்.

கட்டுரையே கிடைக்காவிட்டாலும் சோர்ந்துவிட வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் டிஸ்பேஸ் போன்ற களஞ்சியங்களில் பட்ட ஆய்வேடுகள், தொழில்நுட்ப அறிக்கைகள், மாநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் இருக்கும். கட்டுரையில் இடம் போதாமல் சுருக்கப்பட்ட தரவும் செய்முறையும் ஆய்வேட்டில் விரிவாகவே கிடைக்கும். எனக்குக் கட்டுரையைவிட அதுதான் அதிகம் பயன்படுகிறது. இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா தளம் இருக்கிறது. அங்கே தேவையான அத்தியாயத்தை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

புதிதாக வெளிவந்த கட்டுரைகளுக்கு இந்த வழி பல நேரம் உதவாது; பதிப்பகம் விதிக்கும் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே படி திறக்கும். பக்க எண்ணோடு மேற்கோள் காட்டவும் இந்தப் படி போதாது, அச்சான இதழில் எண்கள் வேறாக இருக்கும்.